பூ இல்லாத பூங்கா

12 ஜூன் 1958, வியாழன்

இதனால் சகல ஜனங்களுக்கும் தெரியப்படுத்துவது என்னவென்றால், நமது ஊர் மக்கள் பூங்காவின் முதலாவது சிமெண்டு பெஞ்சு இன்று காலை சுபவேளையில் திறந்து வைக்கப்பட்டது. திறந்து வைத்தவர் கோனார் வீட்டு வெள்ளாடு. நிறம் கறுப்பு. கொத்தனார் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், ஈரம் காயாத பெஞ்சில் ஏறி நின்று நான்கு இடத்தில் காலெழுத்துப் போட்டு, சுருக்கமாக வாழ்த்துரையும் வழங்கிவிட்டு இறங்கிப் போனார். விழாவுக்கு வந்திருந்த பொதுமக்கள் நான் ஒருவன்தான். கை தட்டினேன்.

பிறகு கமிட்டி பிரசிடெண்டு நாறும்பூநாத அண்ணாச்சி வந்து கொத்தனாரை ஏசினார். "ஏலே, ஆடு ஏறி ஆடுததுக்கா பெஞ்சு கட்டச் சொன்னேன்?"

வாசலில் 'அனைவரும் வருக' என்று போர்டு மாட்டியது அவர்தானே. படித்த ஆடு, வந்துவிட்டது.

15 ஜூன், ஞாயிறு

பிற்காலத்தில் நான் பெரிய ஆளாகி இதையெல்லாம் மறந்துவிட்டால் உதவும் என்று எழுதி வைக்கிறேன். குற்றாலம் ரோட்டோரம் கழுதைப் பொட்டல் என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் நம் தெரு, மறு பக்கம் தறிக்காரர் தெரு. நடுவில் கழுதையும் குப்பையும். சீசனுக்குப் போகிற கார்க்காரர்கள் அந்த இடம் வந்ததும் மூக்கைப் பொத்துவார்கள். ரைஸ்மில் வைத்திருக்கும் நாறும்பூநாதன் பிள்ளைக்கு அது மானக்கேடாகப் போய்விட்டது. கமிட்டி போட்டார். நம் தெருவுக்கு அப்பா, தறித் தெருவுக்கு என் கூட்டாளி மசூதின் வாப்பா அப்துல் மஜீது. சுவர் வந்தது, பெஞ்சு வந்தது, கம்பத்தில் ரேடியோக் குழாய் வரப்போகிறது.

சண்டையும் வந்தது. அந்தப் பொட்டலில்தான் தறிக்காரர்கள் விடியற்காலையில் பாவு போடுவார்கள். நூலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்கிற வேலை. சுவர் கட்டிவிட்டால் பாவை எங்கே போடுவது? கடைசியில் இன்று சமாதானம். விடிகாலை பாவுக்கு, பகல் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் ரேடியோவுக்கு.

கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும்போது மசூதின் உம்மா ஹாஜரா மாமி சுவருக்கு வெளியே இருந்தபடியே கேட்டாளாம். "வெள்ளிக்கெழம தறி ஓடாது. ஆம்பளைய பள்ளிக்குப் போயிட்டு வந்து படுத்துக்கிடுவாக. நாங்க எங்கன போவ? அந்த ஒரு சாயங்காலத்த ரெண்டு தெருப் பொம்பளையளுக்கும் குடுத்துருங்க. மறைப்புத் துணி எங்க தறியில இருந்து வரும்."

பிரசிடெண்டு உடனே சரி என்றுவிட்டார். அதோடு அப்பாவிடம், "உங்க மக நல்லாப் படிச்ச பிள்ளைல்லா, பேப்பர் வாசிச்சுக் காட்டட்டும். ஆபீசர்மாரு வந்தா நாம சொல்லிக்கிடலாம்" என்றாராம்.

அந்த மகள் என் அக்கா குழல்வாய்மொழி. இருபத்திரண்டு வயது. அத்தான் டைபாய்டில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவளுக்கு அடுக்களை, கிணற்றடி, மறுபடி அடுக்களை. தெருவைக் கண்ணால் கண்டதில்லை. அப்பாவுக்கு அனுப்ப மனசில்லை. ஆனால் நம் நெல் அரைவது அண்ணாச்சி மில்லில். மாட்டேன் என்று அவரிடம் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை.

20 ஜூன், வெள்ளி

நான் இன்று முதல் வாயில்காப்போன். ஆம்பளை எவனும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். "நீ வாயில் காப்போன் இல்லலே, வாயில காப்பே இல்லாதவன்" என்றாள் அக்கா. வீட்டில் எனக்குச் சமமாகச் சிலேடை பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். (எனக்கு ஒரு படி கீழே.)

பூங்காவின் தெற்கு மூலையில் நீலக் கட்டம் போட்ட துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். உள்ளே நான் பார்க்கவில்லை, காது இருக்கிறதே. அக்கா பேப்பர் வாசித்தாள். ஒரு கிழவி, "அமெரிக்கா குத்தாலத்துக்கு அங்கிட்டா, இங்கிட்டாட்டி?" என்று கேட்டாள். அக்கா தரையில் கோடு போட்டு விளக்கினாள் போலிருக்கிறது, ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம் தறித் தெருப் பெண்கள் கல்யாணப் பாட்டு பாடினார்கள். அது முடிந்ததும் நம் தெருக்காரிகள் விடுவார்களா, அவர்களும் ஒன்று எடுத்துவிட்டார்கள். ரோட்டில் போன கார் ஒன்று நின்று கேட்டுவிட்டுப் போனது. மூக்கைப் பொத்தவில்லை.

வீட்டுக்கு வந்து அக்கா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். 

27 ஜூன், வெள்ளி

சாரல். துணி நனைந்து தொப்பலாகிவிட்டது. உள்ளிருந்து ஒருத்திகூட எழுந்து வரவில்லை.

4 ஜூலை, வெள்ளி

இன்று என் கலையின் உச்சம்.

பூங்கா பூங்கா என்கிறார்களே, ஒரு பூ உண்டா? நட்டதெல்லாம் குரோட்டன்ஸ். அதையும் ஆடு தின்றுவிட்டது. ஆறு மணிக்குப் பெண்கள் போன பிறகு துணியைச் சுருட்டி வைப்பது என் வேலை. துணிக்குப் பின்னால் புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். வெள்ளை வெளேரென்று என்னைப் பார்த்து, எழுதேன் எழுதேன் என்றது. கரித்துண்டும் கிடந்தது. விடுவேனா?

'இப்பூங்காவில் உள்ள ஒரே பூ — நாறும்பூ.'

நாறும்பூநாதன் என்றால் மணக்கும் பூவுக்கு நாதன், சாமி பேர். அம்மா பார்த்தால் என் வாயில் சூடு வைப்பாள். ஆனால் நல்ல தமிழில் நாறினால் மணம், நம் தமிழில் நாறினால் நாற்றம். ஒரே சொல்லில் மாலையும் போட்டாயிற்று, மூக்கையும் பொத்தியாயிற்று! கையெழுத்து அச்சு மாதிரி விழுந்தது. தென்காசி தாலுகாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

5 ஜூலை, சனி

மசூது மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னான். குற்றாலம் போகிற வழியில் பெரிய ஆபீசர் ஒருவர் காலையில் பூங்காவைப் பார்க்க இறங்கினாராம். அண்ணாச்சி வேட்டி சட்டை மடிப்புக் கலையாமல் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தவர், "இதுதான் சார் மகளிர் பகுதி" என்று கையை நீட்டினாராம். ஆபீசர் சுவரை வாசித்தார். சத்தமாக வாசித்தார். பிறகு கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க. மேலகரம் பஸ் ஸ்டாப்பில்கூடச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். யார் எழுதியது என்று தெரியாமலே என் புகழ் பரவுகிறது. இதுவல்லவோ புகழ்!

7 ஜூலை, திங்கள்

மசூது கேட்டான். "ஏலே தாணு, நேத்து வாப்பாகிட்ட அண்ணாச்சி சொல்லுதாக, வெள்ளிக்கெழம அங்கன பொம்பளைய மட்டும்தான் இருந்தாளுவ, அதுல இவ்வளவு அழகா எழுதத் தெரிஞ்சவ ஒருத்திதான்னு. நீயாலே எழுதின?"

போலே என்றேன்.

இதை நான் யோசிக்கவில்லை. சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவேயில்லை.

8 ஜூலை, செவ்வாய்

அப்பா அக்காவிடம் கேட்டார். "சுவத்துல நீயா எழுதின?"

அக்கா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். தண்ணீர் குடித்தேன். நல்ல தாகம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆறிவிடும். ஆறாதா?

11 ஜூலை, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பெண்கள் பாதிப் பேர்தான் வந்தார்கள். அக்கா வந்தாள். அம்மா போகாதே என்று சொல்லியும் வந்தாள். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி ஏழெட்டு ஆம்பளைகளோடு வாசலுக்கு வந்தார். நான் உத்தியோகப்படி கையை நீட்டி மறித்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. துணியைப் பார்த்து, உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்.

"பூங்காவுல பூ இல்லன்னு எழுதுதாளாம். பூவில்லாதவளுக்குப் பூங்கா என்னத்துக்குங்கேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே பேப்பர் வாசிக்கிற சத்தம் நின்றது.

நான் சும்மா இருப்பேனா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "அண்ணாச்சி, சுவத்துல எழுதினவன் நான். அக்காவ விட்டுருங்க. பூவில்லாதவளுக்குப் பூங்கா என்னத்துக்குன்னு கேட்டியளே, பூ இருந்தும் நாறுதவுகளுக்கு என்னத்துக்கு?"

அவ்வளவுதான்.  அண்ணாச்சி முகம் வதக்கின கத்திரிக்காய் ஆகிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான், திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்கு ஊரில் இதுதான் பேச்சாக இருக்கும்.

13 ஜூலை, ஞாயிறு

கமிட்டி கூடியது. மகளிர் வெள்ளிக்கிழமை நிறுத்தப்பட்டது. காரணம், ஒழுங்கீனம். அப்துல் மஜீது ஒருவர் மட்டும் வேண்டாம் என்றிருக்கிறார். "அப்ப உங்க பாவையும் தெருவுக்குள்ளயே போட்டுக்கிடுங்க" என்று அண்ணாச்சி சொன்னதும் உட்கார்ந்துவிட்டாராம். அவரை என்ன சொல்ல? முப்பது தறிக்கு அந்தப் பாவுதான் சோறு.

அப்பா ஒன்றும் பேசவில்லையாம். வீட்டுக்கு வந்து அக்காவிடம் பேசினார். நிறையப் பேசினார்.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

ஹாஜரா மாமி புழக்கடை வழியாக வந்தாள். கையில் நீலத் துணி, மடித்து வைத்திருந்தாள்.

"அவுக கம்பத்தப் பிடுங்கிப்புட்டாக. இதக் கிழிச்சு என்ன செய்ய, நீயே வச்சுக்க ஏட்டி. வெள்ளிக்கெழம எங்க தறிவீட்டுக்கு வா. சுவரு இருக்கு, கூரை இருக்கு. எவனும் எட்டிப் பாக்க மாட்டான்."

அக்கா வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். அப்பா அங்கே இருந்தார். "வரவிட மாட்டாக மாமி."

"நான் வந்து கேக்கட்டா?"

"வேண்டாம். பொறவு நீங்க இங்கன வாரதும் நின்னுரும்."

மாமி துணியைத் துவைக்கிற கல் மேல் வைத்துவிட்டுப் போனாள். அம்மா அதை எடுத்து நெல்மூட்டைக்கு மூடிவிட்டாள்.

2 ஆகஸ்ட், சனி

பூங்காவின் தெற்கு மூலையில் இப்போது சீட்டாட்டம் நடக்கிறது. சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்.

நான் அந்தப் பக்கம் போவதில்லை. வேறு வேலை இருக்கிறது.

9 ஆகஸ்ட், சனி

ராயகிரியில் மாமா வீட்டில் மாமிக்கு முடியவில்லை. நான்கு பிள்ளைகள், வேலைக்கு ஆள் வேண்டுமாம். அக்காவை அனுப்புவதாக அப்பா சொல்லிவிட்டார். எத்தனை நாளைக்கு என்று அம்மா கேட்டாள். "அங்கன இருந்தா என்ன, இங்கன இருந்தா என்ன?" என்றார் அப்பா.

அக்கா அந்த நேரம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள், அதனால் கண்ணீருக்குக் காரணம் கேட்க முடியாது. சமயம் பார்த்துத்தான் அரிந்திருக்கிறாள். கெட்டிக்காரி.

15 ஆகஸ்ட், வெள்ளி

பூங்காவில் சுதந்திர தினக் கொடியேற்றம். ரேடியோக் குழாய் திறப்பு விழாவும் கூட. அனைவருக்கும் மிட்டாய். அனைவரும் என்றால் ஆம்பளை அனைவரும். ஆடும் வந்திருந்தது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

அக்கா போய்விட்டாள்.

தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை டிரங்குப் பெட்டியை நான்தான் தூக்கிப் போனேன். அப்பா சிவகிரி வழி பஸ் எது என்று விசாரிக்கப் போனார். எத்தனையோ நாளாக அவள் முகத்தைப் பார்க்காமல் தப்பித்து வந்தேன். இன்று பெட்டிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஓட இடமில்லை.

"எக்கா. சுவத்துல எழுதினது நான்."

"தெரியும்லே. உனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவ நானுல்லா? உன் 'பூ'வுக்கு வால் எந்தப் பக்கம் போவும்னு எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன் அப்பாகிட்டச் சொல்லல?"

"உன் பள்ளிக்கூடத்த நிறுத்திருவாக. எனக்கு நிறுத்த என்ன இருக்கு?"

அப்பா தூரத்திலிருந்து கையைக் காட்டினார். டிரைவர் பஸ்ஸைக் கிளப்பிவிட்டான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். பின்னால் வந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"சுவத்துல எழுதினது வெளையாட்டு. அது போட்டும். அன்னைக்குத் துணிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சிரிச்சாகளே, அதுல ஒரு சிரிப்பு மட்டும் எனக்குத் தெரிஞ்ச சிரிப்புலே."

பெட்டியை மேலே ஏற்றினேனா, கீழே வைத்தேனா, நினைவில்லை. பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து 11ஆம் தேதி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்துகிறேன், பதில் சொல்கிறேன், அண்ணாச்சி முகம் கத்திரிக்காயாகிறது. அந்தப் பதில் வீட்டுக்கு வந்து, கால் கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகு எனக்குத் தோன்றியது. பேனாவை எடுத்ததும் அதை அங்கேயே சொல்லிவிட்ட மாதிரி எழுதிக்கொண்டேன். அண்ணாச்சி துண்டை உதறிப் போனது மட்டும் நிஜம். சிரித்துக்கொண்டே போனார். போகும்போது என் தோளில் தட்டினார்.

அங்கே நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்தேன். பயந்து சிரித்தேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். அதுவும் பொய்.

பூவில்லாதவளுக்குப் பூங்கா என்னத்துக்கு. காதில் விழுந்ததும் எனக்குச் சிலேடைதான் கேட்டது, அது அக்காவைச் சொன்னது என்று படவில்லை. நல்ல சிலேடை. அதனால் சிரித்துவிட்டேன்.