படத்துக்குப் பின்னால் ஒரு வரி

கொழும்பு
12.05.2008

அன்புத் தங்கை ஜெசிந்தினிக்கு,

அம்மாவும் நீயும் நலமாயிருக்க ஆண்டவர் துணை. எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, வேலைதான் கழுத்தை நெரிக்கிறது. ஆபீஸுக்கு போன் எடுக்க வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொண்டாயே, அதை விடு. நல்ல செய்தி ஒன்று இருக்கிறது.

எங்கள் தேயிலைக் கம்பனியின் வெப்சைட்டை நானே செய்து முடித்துவிட்டேன். முதல் பக்கத்தில் யார் படம் தெரியுமா? நம் அம்மா. ஈஸ்டருக்கு வந்தபோது, மலையில் கொழுந்து எடுக்கையில் பிடித்தேனே, அதுதான். உங்கள் பயிற்சி நிலையத்தில் கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாமே. அம்மாவைக் கூட்டிப்போய் அதில் காட்டு. நீயும் கேள்.

அன்பு அண்ணன்
ஜொனி

பண்டாரவளை
26.05.2008

அன்புள்ள ஜொனி அண்ணாவுக்கு,

வழக்கம்போல் நான் சொல்லச் சொல்ல, என்னோடு வேலை செய்யும் றஷீனா எழுதுகிறாள்.

அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு அப்புத்தளையிலிருந்து பஸ் ஏறி வந்தார். நிலையத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். நானும் பெருமையில் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கம்ப்யூட்டர் "படம், படம், படம்" என்றுதான் முனகியது. தேயிலை வாங்கலாம் என்று போனால், பெயர் எழுதும் இடம் எது, விலாசம் எழுதும் இடம் எது என்று அதற்கே தெரியவில்லை. கண்ணில்லாதவர்கள் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள் என்று அண்ணன் நினைத்துவிட்டார் போல என்று சொல்லிச் சிரித்தேன்.

பிறகு அம்மாவின் படத்துக்கு வந்தது. "ஓல்ட் கூலி வுமன்" என்றது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவிலிருந்த வார்த்தை மட்டும் தெரியும். "கூலின்னு என்னையவா சொல்லுது?" என்று கேட்டார். மெஷின் பிழையாக வாசிக்கிறது என்றேன். "மெசினு தானா பேசுமா தாயி? யாராச்சும் எழுதிக் குடுத்தாத்தானே பேசும்" என்றார். அப்புறம் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டார்.

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை எனக்கு. அதை எழுதியது யார் அண்ணா?

தங்கை
ஜெசிந்தினி

கொழும்பு
16.06.2008

ஜெசிக்கு,

நான்தான். வேறு யார் தலையிலாவது போடலாமென்று எழுதிப் பார்த்துக் கிழித்தும் விட்டேன்.

வெப்சைட்டில் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு வரி எழுத இடமுண்டு. கண் தெரிந்தவர்களுக்கு அது தெரியாது. அதனால் யாருமே அறியப்போவதில்லை என்று நினைத்தேன். உங்கள் கம்ப்யூட்டர் அந்த வரியைத்தான் வாசிக்கும் என்று, உன்னைக் கேட்கச் சொன்னபோதுகூட நினைப்பு வரவேயில்லை, அது அடுத்த வெட்கம்.

படத்தைப் பார்த்த மேனேஜர், "யார் இந்தக் கூலிக் கிழவி? நல்ல முகம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த கையோடு அதையே எழுதிவிட்டேன். இங்கே நான் பதுளை டவுன் பிள்ளை. தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன் என்று ஒருவருக்கும் தெரியாது. போன் எடுக்காதே என்றதும் அதற்காகத்தான். இதை றஷீனா உனக்கு வாசித்துக் காட்டுவாள் என்று நினைக்க உடம்பு கூசுகிறது. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

வெப்சைட் முழுவதையும் திருத்திவிட்டேன். இனி ஒவ்வொரு பொத்தானும் ஒவ்வொரு பெட்டியும் தன் பெயரைச் சொல்லும். அம்மாவின் படத்தையும் கேளுங்கள். அம்மாவிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்.

ஜொனி

பண்டாரவளை
21.07.2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

கேட்டோம். எல்லாம் ஒழுங்காக வாசிக்கிறது. யார் துணையும் இல்லாமல் நானே ஒரு பாக்கெட் தேயிலைக்கு ஆர்டர் கொடுத்தேன். நிலையத்துப் பிள்ளைகள் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

அம்மாவின் படத்துக்கு வந்ததும், "இவர் லூசியா. கொழுந்து எடுத்து என்னைப் படிக்கவைத்த என் தாய்" என்று இங்கிலீஷில் சொன்னது. நான் தமிழில் சொன்னேன். அம்மா அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். "எம் பேரச் சொல்லுதே" என்று சிரித்தார், பிறகு அழுதார். எழுதியது நீங்கள் என்று நான் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு உங்கள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அம்மா போன பிறகு, படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று றஷீனாவிடம் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். நல்லாப் பாரு என்றேன். பார்த்துவிட்டு, ஒன்றுமேயில்லை என்றாள். அந்த வரியையும் படத்துக்குப் பின்னால்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அப்படியென்றால், கண் தெரியாத எங்களுக்கு மட்டும்தான் அவர் உங்கள் தாய். உங்கள் மேனேஜருக்கு இன்னும் கூலிக் கிழவி. இதை எழுத றஷீனா தயங்குகிறாள். எழுது என்கிறேன்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. "அவன் ஆபீசு ஆளுங்களுக்கு என்னையத் தெரிஞ்சுபோச்சு, ஒருவாட்டி போய்ப் பாக்காட்டி நல்லாவா இருக்கும்?" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். மாதா திருநாள் முடிந்த ஞாயிறு ரயில் ஏறுகிறோம். திங்கள் காலை நேரே உங்கள் ஆபீஸுக்குத்தான் வருவோம்.

யாரைப் பார்க்க வேண்டும், நீங்கள் யார் என்று வாசலில் கேட்பார்கள். அம்மாவே பதில் சொல்வார். அதைக் கேட்டு அவர்கள் விழித்தால், அம்மாவின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

உங்கள் தங்கை
ஜெசிந்தினி