பத்து எண்ணும்வரை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே வெயில். குளியலறையில் மறுபடி விழுந்தேன். முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடியதுதான் தெரியும். பக்கெட் மேல் கிடக்கிறேன். முழங்கையில் சிராய்ப்பு. கிரேஸ் கதவைத் தட்டினாள். "இன்னாய்யா சத்தம்?" பக்கெட் வழுக்கிவிட்டது என்றேன். பெண்டாட்டியிடம் சொன்ன முதல் பொய். பக்கெட் வாங்கணும்.

காது டாக்டர் சொல்லித்தான் இந்த நோட்டு. எப்போதெல்லாம் தள்ளாடுகிறது என்று எழுதி வரச் சொன்னார்.

— குளியல், மூன்று தடவை
— கரண்ட் போனபோது
— பனியனைத் தலைவழியாகக் கழற்றும்போது
— பம்மல் மெயின் ரோட்டில், எதிரே வண்டி லைட் கண்ணில் அடித்தபோது

ஜூலை 10, வியாழன்

மேகம், மழையில்லை. டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். சின்னப் பெண், பொறுமையாகப் பேசுகிறார். காலைச் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றேன். கண்ணை மூடச் சொன்னார். மூன்று எண்ணுவதற்குள் நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நிக்கறதுக்கு மூளை மூணு பேரைக் கேக்குது. கண்ணு, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ், பாதம். கிட்னி இன்ஃபெக்‌ஷனுக்குப் போட்ட ஊசியில காது பேலன்ஸ் ரெண்டு பக்கமும் போயிடுச்சு. கண்ணை மூடினா இன்னொருத்தரும் அவுட். பாதம் மட்டும் என்ன பண்ணும்?"

"திரும்ப வருமா மேடம்?"

"காது வராது. மத்த ரெண்டையும் பழக்கலாம். மாசக்கணக்குல ஆகும். என்ன வேலை பாக்கறீங்க?"

"பெயிண்டிங்."

உள்ளேயா வெளியேயா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒன்பது மாடி, கயிற்றில் தொங்கும் பலகை. அதில் பாதத்துக்குக் கீழே எல்லாம் ஆடும். மூக்குக்கு நேரே வெறும் வெள்ளைச் சுவர். அங்கே மூளை யாரைக் கேட்கும்? ஆனால் எனக்குத் தெரிந்தது அந்த வேலை ஒன்றுதான்.

ஊசி போட்டவர்களைத் திட்டலாம் என்றால், அதுதான் உயிரைக் காப்பாற்றியதாம். கோபத்தை யார் மேல் காட்டுவது?

ஜூலை 13, ஞாயிறு

சர்ச். ஜெபத்தில் எல்லோரும் கண் மூடி நிற்க, நான் மட்டும் திறந்தபடி, முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு. வெளியே வந்ததும் கிரேஸ், "பெஞ்ச ஏன் அப்டி புடிச்சிகினு நின்ன?" அவளும் கண்ணை மூடவில்லை போலிருக்கிறது.

"நாளைக்கு வேலைக்குப் போறியே, டாக்டரு சரின்னாங்களா?"

"சரின்னுட்டாங்க."

இரண்டாவது பொய். அதுவும் சர்ச் வாசலில்.

ஜூலை 14, திங்கள்

புழுக்கம். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஊரப்பாக்கம் சைட். ட்ரெயினில் நெரிசல், நல்லதாய்ப் போயிற்று, விழ இடமில்லை.

ஒன்றை மறந்தே போயிருந்தேன். திங்கட்கிழமை மேஸ்திரி வைக்கும் சோதனை. ஞாயிற்றுக்கிழமை குடித்தது தெளியாமல் வருகிறவர்களைப் பிடிக்க. பலகையில் ஏறுமுன் காலைச் சேர்த்து, கண்ணை மூடி, பத்து எண்ண வேண்டும். டாக்டர் வைத்த அதே சோதனை. இத்தனை வருடம் ஒரு சொட்டு குடித்ததில்லை, இருபதுகூட எண்ணிக் காட்டுவேன். விழுகிறவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இன்று நான்கு எண்ணினேன். பெயிண்ட் டின்கள் மேல் விழுந்தேன்.

"இன்னா சாலமன், சர்ச்சுக்குப் போற ஆளு, நீயுமா?" ஒரே சிரிப்பு. மேஸ்திரி சிரிக்கவில்லை. "தெளிஞ்சப்புறம் நாளைக்கு வா."

உடம்பு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அத்தோடு வேலை போச்சு. குடித்தவனையாவது நாளைக்கு வரச் சொல்கிறார்கள். "மன்னிச்சுக்கோங்க மேஸ்திரி, கொஞ்சம் ஓவராயிடுச்சு" என்றேன்.

கிரேஸின் தம்பியும் அங்கேதான் வேலை. நான் வருவதற்குள் போனில் சொல்லிவிட்டான். வாசலில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"குடிச்சியா?"

"ஆமா."

கிட்டே வந்து என் வாயை முகர்ந்து பார்த்தாள். சட்டையை முகர்ந்தாள். பெயிண்ட் வாடைதான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடு" என்றாள். மூடினேன். கையை விட்டாள். உடனே அவளே தாங்கிப் பிடித்தாள்.

அப்படியே பிடித்தபடி சொன்னாள்: "நெஜமாவே குடிச்சிட்டு வந்திருக்கலாமேய்யா."