கப்டன் இல்லாத பாய்ப்படகு

14 ஜனவரி 2025, செவ்வாய்

கால் இரண்டையும் சுடுதண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இன்று வேலையில் நடக்கவே நேரமில்லை, ஓட்டம்தான். அதற்குள் கத்தரீனாக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். முதியோர் பராமரிப்பு இல்லத்துக் குசினியில் நாங்கள் மூன்று பேரும் தேத்தண்ணி குடிக்கும்போது எழுந்து நின்று, கோப்பையில் கரண்டியால் தட்டினார்.

"வாற வருஷம் ஜனவரியிலை எனக்கு அறுபது. ஹோல் எடுக்கமாட்டன். மூண்டு தட்டுக் கேக் வெட்டமாட்டன். வீடியோக்காரன் சொல்லுறான் எண்டு மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு சிரிக்கமாட்டன். நாங்கள் மூண்டு பேரும் கரிபியன் கடல்லை பாய்ப்படகு ஓட்டப் போறம்."

மூன்று பேர் என்றால் அக்கா, நான், சலவை அறையில் வேலை செய்யும் லூர்தம்மா. லூர்தம்மாவின் கையில் இருந்த பிஸ்கற் தேத்தண்ணிக்குள் விழுந்தது.

நான் "ஓம் அக்கா" என்றேன். இந்த டேனிஷ் ஊரான வைலேக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். வேலை எடுத்துத் தந்தது அக்கா. மகளை எந்தப் பள்ளியில் விடுவது, சோபா என்ன நிறம், எல்லாவற்றுக்கும் அக்கா சொல்வார், நான் ஓம் சொல்வேன். இன்றைக்கும் ஓம் சொல்லிவிட்டுத்தான் என்னத்துக்குச் சொன்னேன் என்று யோசித்தேன்.

16 ஜனவரி

லூர்தம்மா அழுதுகொண்டு போன் எடுத்தாள். இப்படி வாடகைக்கு எடுக்கும் படகுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று அக்காவிடம் கேட்டு, அந்தச் சொல்லைப் போனில் தமிழாக்கிப் பார்த்திருக்கிறாள். போன் சொன்னதாம்: நிர்வாணப் படகு.

"நான் ஞாயிறு பூசை தவறாத மனிசி, தவமக்கா! என்ர தம்பி பாதர்! அவர் கேள்விப்பட்டா?"

எனக்கும் கொஞ்சம் திக்கென்றது. கொப்பன்ஹேகனில் படிக்கும் மகள் மேனுஜாவை அழைத்துக் கேட்டேன். "மோர், ஸ்லப் அவ்!" என்று சிரித்தாள். டேனிஷில் ஸ்லப் அவ் என்றால் பதறாதே, மோர் என்றால் அம்மா. எனக்கு இன்றுவரை குடிக்கிற மோர்தான் ஞாபகம் வரும். படகு மட்டும் தருவார்களாம். கப்டனும் வரமாட்டார், சமையல்காரரும் வரமாட்டார், நாங்களே ஓட்டவேண்டுமாம். ஆளில்லாத வெறும் படகு, அதனால்தான் அந்தப் பெயர்.

லூர்தம்மாவுக்கு விளக்கினேன். பிறகு மெல்லச் சொன்னாள்: "உடுப்பில்லாட்டிக்கூடச் சமாளிக்கலாம், அக்கா. கப்டன் இல்லாமலோ?"

2 பெப்ரவரி, ஞாயிறு

இவருக்கு இன்றுதான் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூண்டு பொம்பிளையள். கடல்லை. தனிய."

"ஓம்."

"உனக்கு நீந்தத் தெரியுமோ?"

"அக்காவுக்குத் தெரியும்."

"அப்ப ரெண்டு கிழமையும் எனக்குச் சாப்பாடு?"

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போதுதான் முகத்தில் உண்மையான பயம் தெரிந்தது.

12 மார்ச்

வாடகைக்கு விடும் கம்பனி பதில் போட்டிருக்கிறது. ஒருவராவது படகோட்டும் சோதனை பாஸ் பண்ணியிருக்கவேண்டும். கடல் அனுபவத்தையும் எழுதி அனுப்பவேண்டும். லூர்தம்மா தன் கடல் அனுபவத்தை எழுதிக்கொண்டு வந்தாள்: தலைமன்னாரில் மாமாவின் வள்ளத்தில் ஒருநாள், சத்தி எடுத்தது, சுவீடனுக்குப் போகும் ஃபெரி, சத்தி எடுத்தது, டிவொலிப் பூங்காவில் குளத்துப் படகு, பரவாயில்லை.

ஊர்வரை நீண்டு வரும் கடலான ஃபியோர்டின் கரையில் இருக்கும் பாய்ப்படகுக் கழகத்தில் மூவரும் சேர்ந்துவிட்டோம். படிப்பிப்பவர் பியர்த என்ற டேனிஷ் மனுஷி. நாளொன்றுக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் பேசமாட்டார். இன்று முடிச்சுப் போடப் பழக்கினார். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. இவர் பால் எடுக்கப் போனால் குளிர்சாதனப் பெட்டிக் கைப்பிடியைக் கட்டி வைத்திருக்கிறேன். அவிழ்க்கத் தெரியாமல் கறுப்புத் தேத்தண்ணி குடித்தார்.

8 ஏப்ரல்

கடல் வரைபடம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆழம், நீரோட்டம், பாறை – ஒரு கோடு கீறி, இங்கிருந்து அங்கே போகலாம் என்று சொல்ல முடிகிறது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அக்காவுக்குச் சொல்லவில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

படகுக் கக்கூஸைப் பற்றி இன்று வகுப்பு. கையால் பம்ப் அடிக்கவேண்டும். ஒரு குழாயைத் திறக்க மறந்தால் போனது திரும்பி வரும். லூர்தம்மா கையை உயர்த்தி, "ரெண்டு கிழமை போகாமல் இருக்கேலாதோ?" என்று டேனிஷில் கேட்டாள். பியர்த முதல் தடவையாகச் சிரித்தார்.

24 மே, சனி

சோதனை.

எழுத்துச் சோதனையில் அக்காவுக்கு ஒரு பிழைகூட இல்லை. இன்று படகில் செய்து காட்டவேண்டும். சோதனையாளர் ஒல்லியான மனிதர், மீசை மட்டும் பெரிது. காற்றடைத்த ஒரு ரப்பர் மிதவையைக் கடலில் எறிந்து, "மனிதன் விழுந்துவிட்டான், காப்பாற்று" என்றார்.

சுக்கான் அக்காவின் கையில். கயிற்றில் நானும் லூர்தம்மாவும். அக்கா கம்பீரமாகத்தான் கட்டளை போட்டார். "இடது! இல்லை, மற்ற இடது!" படகு மிதவைக்கு மேலாலேயே ஏறிப் போனது. சோதனையாளர் பின்னால் எட்டிப் பார்த்து, "இறந்துவிட்டார்" என்றார்.

இரண்டாம் முறை மிதவைக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு கால்பந்து மைதானம் இருந்தது. "குளிரில் இறந்துவிட்டார்."

மூன்றாம் முறை சரியாகப் பக்கத்தில் போனோம். ஆனால் அக்கா கொக்கித் தடியால் எட்டி இழுக்க, அது மிதவையின் தலையில் ஓங்கி விழுந்தது. சோதனையாளர் தொப்பியைக் கழற்றினார்.

"முப்பது வருஷமா வயசானவையளைப் பாக்கிறன்," என்று அக்கா டேனிஷில் கத்தினார். "என்ர கையாலை ஒருத்தரும் இப்பிடிச் சாகேல்லை!"

பிறகு என்னுடைய முறை. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. காற்றைப் பார்த்தேன், திருப்பினேன், படகு நின்றது, மிதவை என் கைக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. சோதனையாளர் என் கையைக் குலுக்கினார்.

திரும்பி வரும்போது லூர்தம்மா காரின் பின்சீற்றில் செபமாலை சொன்னாள்.

25 மே

அக்கா போனை எடுக்கவில்லை.

10 ஜூன்

கம்பனிக்காரர் கப்டனின் பெயர் கேட்டிருக்கிறார்கள். சோதனை பாஸ் பண்ணினவரின் பெயர்தான் போடவேண்டும். அதாவது என்னுடைய பெயர். இதை அக்காவிடம் யார் சொல்வது?

வேலையில் அக்கா என்னோடு நேரே கதைப்பதில்லை. எங்கள் இல்லத்தில் இருக்கும் தொண்ணூற்று நாலு வயதுப் பாட்டி ஃப்ரூ மஸ்ஸன் மூலமாகத்தான். "ஃப்ரூ மஸ்ஸன், துவாய் முடிஞ்சுபோச்சு எண்டு தவமணிக்குச் சொல்லுங்கோ." நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், அக்கா அந்தப் பக்கம். ஃப்ரூ மஸ்ஸன் ராணி மாதிரி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிச் செய்தியைக் கொண்டு போகிறார். இரண்டு நாளாக அவருக்கு நல்ல பசி என்று இரவு வேலைக்காரர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

21 ஜூன், சனி

சொல்லிப்போட்டன். வாகனத் தரிப்பிடத்திலை வைச்சு.

"அப்ப நீங்களே போங்கோ, கப்டன் அம்மா." அவ்வளவுதான். கார்க் கதவைச் சாத்தின சாத்திலை கண்ணாடி உடைஞ்சிருக்கவேணும்.

நான் வேணுமெண்டோ பாஸ் பண்ணினன்? பிழை விட்டிருக்கவேணுமோ? இவ்வளவு வருஷமும் ஒரு விஷயத்திலையாவது நான் முந்தி நிண்டனானோ? அவவின்ர பிறந்தநாள், அவவின்ர ஆசை, அவ இல்லாமல் நாங்கள் ரெண்டு பேரும் அங்கை போய் என்ன செய்யிறது? கயிறு பிடிக்கவே மூண்டு பேர் வேணும்.

ஆனா ஒண்டு. பேரை மாத்தி எழுத எனக்கு மனமில்லை. அதுதான் இன்னும் கூடக் கோபம் வருது. ஆரிலை எண்டு தெரியேல்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதவேண்டும். மறந்துவிடக்கூடாது.

கம்பனிக்காரருக்கு அனுபவம் காட்டக் கோடை முழுக்க நானும் லூர்தம்மாவும் இவரோடு கழகப் படகில் போய்வந்தோம். இவர் வீட்டில் வாய் வீரர், படகில் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிடுவார். இன்று முதுகு பிடித்துவிட்டது என்று படுத்துவிட்டார். லூர்தம்மா என்னிடம் சொல்லாமல் அக்காவிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள்.

அக்கா வந்தார். கறுப்புக் கண்ணாடி, கைப்பை. "நான் பயணி. என்னட்டை ஒண்டும் கேக்கவேண்டாம்" என்று லூர்தம்மாவுக்குச் சொல்லிவிட்டு, கரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கயிறு கொடுத்தால் பிடித்தார், முகம் மட்டும் திரும்பவில்லை.

ஃபியோர்டின் நடுவில் லூர்தம்மா சமாதானம் செய்ய ரோல்ஸ் பெட்டியைத் திறந்தாள். "கத்தரீனாக்கா, உங்களுக்குப் பிடிச்ச மீன் ரோல்ஸ்" என்று நீட்டினாள். அந்த நேரம் ஒரு மோட்டர் படகின் அலை வந்தது. லூர்தம்மா பின்பக்கமாக, பெட்டியோடு, ஒரு சத்தமும் போடாமல் கடலுக்குள் போனாள்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். கையை நீட்டி அவளைக் காட்டியபடி, கண்ணை எடுக்கவே இல்லை.

"தவம், திருப்படி! நான் அவளைப் பாத்துக்கொண்டு நிக்கிறன், நீ காத்தைப் பார்! லூர்து, காலை அடியாதை, ஜக்கெற் மிதக்கும்! அண்ணாந்து வானத்தைப் பார்!"

திருப்பினேன். பாய் படபடவென்று அடிக்க, படகு காற்றுக்கு முகம் கொடுத்து அவளுக்குப் பக்கத்தில் நின்றது. அக்கா படகு விளிம்பில் குப்புறப் படுத்து, ஜக்கெற்றின் பட்டியைப் பிடித்தார். கொக்கித் தடியைத் தொடவே இல்லை. ஏணியை இறக்கி, இரண்டு பேருமாக இழுத்து ஏற்றினோம். லூர்தம்மா இருமினாள், அழுதாள், பிறகு நெஞ்சோடு அணைத்திருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"மூடி இறுக்கம், அக்கா. ரோல்ஸ் நனையேல்லை."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடிய அக்கா அழத் தொடங்கினார். நான் அவர் அழுது பார்த்ததில்லை.

"அது ரப்பரடி," என்றார். "ரப்பரிலை எனக்கு எப்பிடி அக்கறை வரும்? இது லூர்து."

கரைக்கு வரும்வரை ரோல்ஸ் தின்றோம். படகைக் கட்டும்போது, சண்டைக்குப் பிறகு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"உன்ர பேரைப் போடு. நீ காத்தைப் பாக்கிற மாதிரி எனக்குப் பாக்கத் தெரியாது. ஆனா சத்தம் போடுறது நான்தான்."

18 ஆகஸ்ட்

ஃப்ரூ மஸ்ஸனுக்குச் சரியான ஏமாற்றம். "நீங்கள் இரண்டு பேரும் இனி நேரேயா கதைப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு, மத்தியானம் பாதிதான் சாப்பிட்டார்.

9 நவம்பர், ஞாயிறு

கம்பனி சம்மதம். முதல்நாள் தங்கள் ஆள் ஒருவர் ஏறிப் பார்ப்பாராம், திருப்தி என்றால் இறங்கிவிடுவாராம்.

பயணப் பெட்டிச் சண்டை. அக்கா இடியப்ப உரல் கொண்டு வரவேண்டும் என்கிறார். லூர்தம்மா மாதா சொரூபம் இரண்டு, ஒன்று விழுந்தால் மற்றது இருக்குமாம். நான் சோறு சமைக்கும் மின்சாரச் சட்டி கொண்டு வரமுடியாது, படகில் மின்சாரம் போதாது என்று கப்டனாக உத்தரவிட்டேன். இரண்டு பேரும் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டியைப் பற்றித் தொடர்ந்து கதைத்தார்கள்.

18 ஜனவரி 2026, ஞாயிறு, கரிபியன், சென்ற் வின்சென்ற் தீவு

வெயில் முகத்தில் அறைகிறது. கம்பனி ஆள் பெரிய உருவம், மெல்லிய குரல். நாள் முழுக்கப் படகில் இருந்தார். நங்கூரம் போடச் சொன்னார், எடுக்கச் சொன்னார், பாயைச் சுருக்கச் சொன்னார். நான் மெதுவாகச் சொல்வேன், அதையே அக்கா முழுத் துறைமுகத்துக்கும் கேட்கும்படி தமிழில் சொல்வார், லூர்தம்மா செய்வாள். அந்த ஆளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "எப்படியோ வேலை நடக்கிறது" என்று சொல்லி, கைகொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

உண்மையாகவே போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் அவர் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

21 ஜனவரி, பெக்குவே தீவு

அக்காவுக்கு அறுபது. காலையில் கடலில் குதித்தார், ஏற முடியாமல் அரை மணி நேரம் ஏணியில் சிரித்துக்கொண்டு தொங்கினார். லூர்தம்மா மூன்று நாளாகச் சத்தி எடுக்கவில்லை. ஆனால் கக்கூஸ் குழாயைத் திறக்க மறந்துவிட்டாள். அதைப் பற்றி எழுதமாட்டேன்.

24 ஜனவரி, சனி

மத்தியானம் மீன் சொதியும் சோறும். லூர்தம்மா கோப்பை கழுவுகிறாள். இவர் அனுப்பிய படத்தில் தானே முட்டை பொரித்து, அதை நாலு பக்கத்திலிருந்தும் எடுத்திருக்கிறார்.

அடுத்த தீவு மேரோ. இடையில் திறந்த கடல், கிழக்குக் காற்று, பெரிய அலை இருக்கும். வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வாங்கு இருக்கையில் சாய்ந்து, தொப்பியால் முகத்தை மூடியிருந்தார். நித்திரை என்று நினைத்தேன்.

"நாளைக்குப் போறமோ, தவம்?" என்று தொப்பிக்குள்ளிருந்து கேட்டார்.

"காத்தைப் பாத்திட்டு விடியச் சொல்லுறன்."

"சரி" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

நான் முன்பக்கம் போய் நங்கூரக் கயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருக்கிறது.