தாய்மார் படுக்கிற இடம்

மொன்ட்ரியால்-நோர்,
26.08.2007

அன்பான மகள் ஜெயமதிக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். அங்கே உன் சுகத்தையும் மருமகன் சாம்பவனின் சுகத்தையும் வயிற்றில் இருக்கிறவரின் சுகத்தையும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் வழக்கம், எனக்கு ஆவலோடு அவசரமும் சேர்ந்திருக்கிறது. போன ஞாயிறு போனில் கதைக்கும்போது, பிள்ளைப்பேற்றுக்கு நான் நோர்வேக்கு வர வேண்டாம் என்று சொன்னாய். மருமகனுக்கு லீவு கிடைக்குமாம், மருத்துவிச்சி வீட்டுக்கே வந்து பார்ப்பாளாம், நான் வந்தால் உனக்கும் எனக்கும் சண்டைதான் வருமாம். "ஒண்டுக்கும் யோசிக்காதேங்க அம்மா, இங்க எல்லாம் ஒழுங்கா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மலாவி எப்படி இருந்தது என்று கதையை மாற்றினாய். நான் மலாவியைச் சொல்லத் தொடங்கினால், யாரோ கதவு தட்டுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். போனை வெட்டலாம், கடிதத்தை இடையில் வெட்ட முடியாது. நீ கேட்ட மலாவியை முதலில் சொல்கிறேன், பிறகு மற்றதற்கு வருகிறேன், பொறுமையாக வாசி.

நாங்கள் போனது பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கிற பெண்களுக்கு ஒரு வீடு கட்ட என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிதான் இருக்கிறது, சுற்றியுள்ள கிராமங்களில் இருந்து நடந்து வர ஒரு பகல் பிடிக்கும், நோ வந்த பிறகு வெளிக்கிட்டால் பிள்ளை வழியிலேயே பிறந்துவிடும். அதனால் மாதம் நிறைந்த பெண்கள் முன்கூட்டியே வந்து தங்க ஒரு வீடு. எங்கள் தமிழ்ச் சபையும், அதே கோவிலில் காலையில் ஆராதிக்கிற பிரெஞ்சுச் சபையும் சேர்ந்து செய்த வேலை இது. வீட்டுப் படம் கீறியவர் லொங்குய்யில் இருக்கிற மிஸ்யூ ஜில்பேர், இளைப்பாறிய எஞ்சினியர், தங்கமான மனிதர், ஆனால் அளவு நாடாவை விட்டுவிட்டுச் சாப்பிடவும் வரமாட்டார். மாசிப் பனிக்குள் சபை மண்டபத்தில் அந்தப் படத்தை விரித்துக் காட்டினார். ஆறு பெண்களுக்கு ஆறு கட்டில், சீமெந்து நிலம், தகரக் கூரை. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். பெண்கள் நாங்கள் கூடியிருந்து ஆறு நுளம்பு வலையும் ஆறு சோடி விரிப்பும் தைத்தோம். கார்டெறியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், அத்தனை குழந்தைகளுக்கும் சமைக்கிறவள் என்பதால் என்னைச் சமையலுக்கென்று சேர்த்துக்கொண்டார்கள். அப்பா டோர்வல் விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டபோது, "உன்ட வாய்க்குக் கனடா போதாமப் போச்சு, இனி ஆபிரிக்காவும் பாவம்" என்றார். அப்படிச் சொன்ன மனிதர் நான் இல்லாத நாட்களில் மூன்று வேளையும் பாணும் முட்டையும் தின்று சீனியை ஏற்றி வைத்திருக்கிறார், அதை வேறு கடிதத்தில் திட்டி எழுதுகிறேன்.

ஆபிரிக்கா என்றால் வெயில் என்று மெல்லிய சட்டைகளாகக் கட்டிக்கொண்டு போனேன். ஆடி மாதம் அங்கே குளிர்காலமாம், ஒருவரும் சொல்லவில்லை, விடியக் காலையில் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றோம். மண் நல்ல சிவப்பு, என்னுடைய வெள்ளைச் சப்பாத்தை எத்தனை தரம் கழுவியும் போகவில்லை. சோளமாவைக் கிண்டிக் கட்டியான களியாக்கிக் கையால் பிடித்துச் சாப்பிடுகிறார்கள். கீரைக்கு நாங்கள் தேங்காய்ப்பால் விடுவோம், அவர்கள் கச்சான் கடலையை இடித்துப் போடுகிறார்கள், இங்கே வந்து செய்து பார்த்தேன், அப்பா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். கடலோ என்று நினைக்கிற மாதிரி ஒரு பெரிய வாவி அந்த நாட்டில் இருக்கிறது, அதில் பிடிக்கிற நெத்தலி போன்ற மீனைக் காயவைத்துப் பொரிக்கிறார்கள். அந்த மணம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இதே மணத்துக்காக மேல்வீட்டு மதாம் எத்தனை தரம் முறைப்பாடு செய்திருக்கிறாள். இன்னொரு புதினம் கேள், அந்தப் பக்கத்தில் கலியாணம் செய்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்குப் போய் இருக்க வேண்டும், காணியும் பெண் வழிதான். மட்டக்களப்பில் எங்களுக்கும் வீடு பெண்ணுக்குத்தான் என்று நான் சொல்ல, ஆங்கிலம் தெரிந்த நேர்ஸ் எஸ்நாத் நம்பவில்லை. "அப்ப உங்கட மனுசன் உங்கட வீட்டிலயா இருக்கிறார்?" என்று கேட்டாள். மொன்ட்ரியாலில் இரண்டு பேரும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

கட்டிட வேலையைச் சொன்னால், செங்கல்லை ஊரவர்களே அரிந்து சூளையில் சுட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். தண்ணீரையும் மணலையும் பெண்கள் தலையில் சுமந்து வந்தார்கள். அந்த ஊர் மேசன்மாரும், இங்கே குளியலறைகளுக்குக் கல் பதிக்கிற எங்கள் கிறகரி அண்ணையும் சுவர் எழுப்பினார்கள், மற்றவர்கள் கல் எடுத்துக் கொடுத்தார்கள், நிறையப் படமும் எடுத்தார்கள். சுவர் யன்னல் உயரத்துக்கு வந்த அன்று, விறகு தேடி ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் போனேன். அங்கே மதிலோரம் வரிசையாக அடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று கல். ஒவ்வொரு அடுப்புக்கும் பக்கத்தில் ஒரு பெண், ஒரு பாய், ஒரு பானை, ஒரு துணி மூட்டை. இவர்கள் யார் என்று எஸ்நாத்திடம் கேட்டேன். பேற்றுக்குக் காத்திருக்கிற பெண்களின் தாய்மாராம். ஆஸ்பத்திரியில் சாப்பாடு கிடையாது, தாய்தான் கூட வந்து சமைத்துக் கொடுத்து, உடுப்புத் துவைத்து, பிள்ளை பிறந்த பிறகு கூட்டிக்கொண்டு போவாளாம். தாய் இல்லாதவளுக்குப் பெரியம்மாவோ அக்காவோ வருவார்களாம், தனியே வருகிறவள் ஒருத்தியும் இல்லையாம். இவர்கள் எங்கே படுப்பது என்று கேட்டேன். அவள் நிலத்தைக் காட்டினாள். ஆறு கட்டிலுக்கு இடம் வைத்தோம், கூட வருகிற ஆறு பேரை எண்ணவே இல்லை! மிஸ்யூ ஜில்பேரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுடைய ஆஸ்பத்திரிகளில் பார்க்க வந்தவர்கள் நேரம் முடிய வீட்டுக்குப் போய்விடுவார்கள். தாயின் கைக்குள் இருந்து பிள்ளை பெற்ற நாங்கள் இத்தனை பேர் அந்தப் படத்தைச் சுற்றி நின்றோமே, ஒருத்திக்காவது தோன்றியதா? நேரே போய் என்னுடைய கார்டெறிப் பிரெஞ்சில் அவரிடம், தாய் எங்கே படுப்பாள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூரைத் தகரம் அளவுக்கு வெட்டியாயிற்று, மீதியிருக்கிற நாட்களில் இதைத்தான் முடிக்கலாம், இதற்குமேல் இழுத்தால் இரண்டும் அரைகுறையாகப் போகும் என்றார். அதில் பிழை சொல்லவும் முடியவில்லை. கிறகரி அண்ணை மட்டும், "தங்கச்சி, நீங்க சோத்தப் பாருங்க, சுவர நாங்க பாக்கிறம்" என்றார். அன்று அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இறைச்சி கொஞ்சம் குறைவாகத்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு சட்டி பானை கழுவி முடித்தால் பின்னேரங்களில் அந்தத் தாய்மாரோடு போய்க் குந்திவிடுவேன். பாஷை தெரியாவிட்டால் என்ன, அடுப்புக்குப் பாஷை வேண்டுமா. அங்கே லினேசி என்று ஒரு கர்ப்பிணிப் பெண், இதுதான் அவளுக்குத் தலைப்பிள்ளை, உன்னைவிட நன்றாக இளையவள். அவளும் தாயும் பிடிக்கிற சண்டை இருக்கிறதே, ஒரு சொல் விளங்காமலே எனக்கு முழுதும் விளங்கியது. களி இறுகிப் போச்சு என்று ஒரு சண்டை, தண்ணீர் சூடு காணாது என்று ஒரு சண்டை, தாய் துணியை மடித்த விதம் சரியில்லை என்று ஒரு சண்டை. தாயும் சும்மா இருப்பவள் இல்லை, அகப்பையை நீட்டி நீட்டிப் பதில் சொல்வாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உன் நினைவு வராமல் யாருடைய நினைவு வரும்? பொறுக்கமாட்டாமல் எஸ்நாத்தை இழுத்து வந்து, மகள் உங்களை வரச்சொல்லிக் கேட்டவளா என்று தாயிடம் கேட்கச் சொன்னேன். இல்லையாம், வராதே என்றுதான் சொன்னவளாம். பிறகு ஏன் வந்தீர்கள் என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். "அவளுக்குப் பயம். பயத்தில ஆரையாவது ஏசத்தானே வேணும். நேர்ஸ ஏசேலுமா, மாமியார ஏசேலுமா? நான் இல்லாட்டி ஆர ஏசுவாள்?" என்றாளாம். சொல்லிவிட்டுக் களியைக் கிண்டத் தொடங்கிவிட்டாள்.

லினேசிக்கு நோ வந்தது ஒரு காலைப்பொழுதில், நாங்கள் கூரைக்கு மரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது. உள்ளே தாயை விடமாட்டார்கள், அவள் யன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே இருந்து மகள் கத்தி ஏச, வெளியே இருந்து தாய் ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்தாள், ஒன்றையும் விடவில்லை. மகளின் குரல் தேயத் தேயத் தாயின் குரல் கூடியது. ஒரு கட்டத்தில் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சுத்தியல் வேலை தானாக நின்றுவிட்டது, கிறகரி அண்ணை மரத்தில் இருந்தபடியே ஜெபிக்கத் தொடங்கினார், மிஸ்யூ ஜில்பேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தத் தாய் மட்டும் நிறுத்தவில்லை, மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஏசிக்கொண்டே நின்றாள், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் ஏசுகிறது. பிறகு உள்ளே இருந்து லினேசி திருப்பி ஏசினாள். எனக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுதது, பெண்பிள்ளை. தாய் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள், நான் என் கையால் அவளுக்குத் தேத்தண்ணி பருக்கினேன்.

மத்தியானம் மிஸ்யூ ஜில்பேர் சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தால் கயிறும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கத்தில் கோடு போடுகிறார். முன்வாசலில் எங்கள் சபைகளின் பெயர் பொறித்து ஒரு வளைவு கட்ட இருந்தது, அதற்கு வைத்திருந்த கல்லையும் சீமெந்தையும் தாய்மாருக்கு ஒரு தாழ்வாரம் இறக்க எடுக்கலாம் என்றார். வளைவைத் தன் கையால் கட்டுகிற ஆசையில் இருந்த கிறகரி அண்ணை அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு அவரே முதல் கல்லை வைத்தார். எத்தனை அடுப்பு என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கென்ன தெரியும், சமைக்கிறவர்களைக் கேளுங்கள் என்றேன். கேட்டதுதான் தாமதம், தாய்மார் எல்லாரும் வந்து பெரிய மாநாடே நடத்தினார்கள். காற்று எந்தப் பக்கம், புகை எங்கே போகும், பொது அடுப்பு வேண்டாம், ஆளுக்கு ஓர் அடுப்புத்தான் வேண்டும், ஒருத்தியின் களியை மற்றவளின் மகள் தின்னமாட்டாளாம். கடைசியில் லினேசியின் தாய் வந்து, மகள் கூப்பிட்டால் தாய்க்குக் கேட்க இந்தச் சுவரில் ஒரு யன்னல் வேண்டும் என்றாள். எழுப்பி முடித்த சுவர் அது. மேசன்மார் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் உடைத்துத் திறந்தார்கள். நாங்கள் வெளிக்கிடும்போது தாழ்வாரத்துக்குக் கூரை ஏறவில்லை, மழைக்கு முன் ஊரவர்கள் போட்டுவிடுவார்கள் என்று எஸ்நாத் சொன்னாள், படம் அனுப்புவாளாம்.

இனி மற்றதற்கு வருகிறேன் மகள். போன முறை பிள்ளை தங்கவில்லை என்பதை எல்லாம் முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னாய். அம்மா கவலைப்படுவா என்று சொல்லவில்லை என்றாய். நானும் சரி பிள்ளை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், அப்பாவுக்கே தெரியாது. நீ இப்போது எல்லாம் ஒழுங்கு, எல்லாம் ஒழுங்கு என்று சொல்லச் சொல்ல, உனக்கு எவ்வளவு பயம் என்றுதான் எனக்குக் கேட்கிறது. நான் வந்தால் சண்டை வரும் என்பது மெய்தான், என் வாயும் சின்ன வாய் இல்லை. வந்தால் வரட்டும். சாம்பவன் நல்ல பிள்ளை, அவனை ஏசினால் முகம் வாடிப்போவான், எனக்கு ஒன்றும் ஆகாது. கார்டெறியில் உன் பேறு வருகிற கார்த்திகை மாதத்துக்கு லீவு கேட்டேன், தந்துவிட்டார்கள். ரிக்கற் எடுக்கவில்லை, லினேசியின் தாயைப் போலக் கேளாமல் வந்து நிற்க எனக்கும் ஆசைதான், ஆனால் அது உன் வீடு, நீ சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்து நீ என்னை வர வேண்டாம் என்றால் எனக்கு நோகும், மறைக்கமாட்டேன். அப்போதும் தனியே இருக்காதே, நீ கூச்சமில்லாமல் கத்தக்கூடிய ஒரு பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் தம்முடைய கைக்குள் வைத்திருப்பாராக. அப்பா தன் ஆசீர்வாதத்தையும், சீனி குறைந்துவிட்டது என்ற பொய்யையும் உனக்கு எழுதச் சொன்னார். இரும்புக் குளிசையை வெறும் வயிற்றில் போடாதே, உங்கள் பேர்கன் ஊர் மழைக்குள் வழுக்குகிற சப்பாத்தோடு வெளிக்கிடாதே. இதை வாசித்ததும் போன் எடு, வேலை நேரம் என்று பார்க்காதே, கறி கருகினாலும் எடுப்பேன். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் இந்த முறை அதை நான் போனில் கேட்கக்கூடாது மகள், உன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

என்றும் உன் அம்மா,
சிசிலி