உள்ளே தைத்த நீலத் துணி

மார்ச் 3

என் வாலுப்பெண்ணுக்கு,

நலம்தானே? இங்கே முழங்கால் ஒன்றைத் தவிர எல்லாம் நலம்.

நீ வடிவமைத்த பிஸ்கட் கவர் எங்கள் தெருக்கடைக்கும் வந்துவிட்டது. "என் பொண்ணு செஞ்ச கவர்" என்று சொல்லிச் சொல்லிக் கடைக்காரருக்குக் காது புளித்துவிட்டது. அக்கம்பக்கத்தில் தின்றுவிட்டுத் தரும் கவர்களைக் கழுவி, வெட்டி, உனக்கு ஒரு கைப்பை தைத்தேன். உள்ளே உன் அப்பாவின் நீலக்கட்டம் போட்ட சட்டை. அவர் போனபின் பத்திரமாக வைத்திருந்தது, வெட்ட மனசே வரவில்லை. பெட்டியில் பூச்சி அரிப்பதற்குப் பதில் உன் தோளில் தொங்கட்டுமே.

உன்னோடு வந்து இருக்கட்டுமா என்று போன கடிதத்தில் கேட்டேன். அதற்கு மட்டும் பதிலே காணோம்.

அம்மா

மார்ச் 21

அன்புள்ள அம்மா,

பை வந்தது. ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கவரை ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவர இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்படி இருந்தால்தான் உருக்கி மறுபடி கவராக்க முடியும். நீ அதில் துணி, நூல், ஜிப் எல்லாம் சேர்த்துவிட்டாய். இனி எந்த ஆலையும் எடுக்காது. நல்ல பொருளைக் குப்பையாக்கியிருக்கிறாய்.

ஆனாலும் வீண்போகவில்லை. கருத்தரங்கில் 'இப்படிச் செய்யாதீர்கள்' என்று தூக்கிக் காட்டினேன். அரங்கமே சிரித்தது! வீடியோவைப் பக்கத்து வீட்டு அக்கா போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பையைத் திருப்பி அனுப்பிவிட்டேன், எனக்கு உபயோகமில்லை.

நீ வருவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

உன் மகள்

ஏப்ரல் 9

என் பெண்ணுக்கு,

வீடியோ பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள், நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீ சொன்னது தப்பில்லை. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாதவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம் இல்லையா? 'எங்கம்மா தச்சது' என்றாவது சொன்னாயா? 'யாரோ ஒரு அம்மா' என்கிறாய்.

தையலைப் பிரித்துவிட்டேன். கவர் தனி, ஜிப் தனி, துணி தனி. இப்போதாவது ஆலையில் எடுப்பார்களா? இனி தைக்கமாட்டேன், சத்தியமாக. அங்கே வந்தாலும் ஊசியைத் தொடமாட்டேன்.

நான் வரட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் ஒரு வரி எழுது.

அம்மா

ஏப்ரல் 24

அன்புள்ள அம்மா,

பிரித்துவிட்டாயா! நல்ல வேலை செய்தாய். அதை அப்படியே அனுப்பிவை. அடுத்த கூட்டத்தில் ஊசி ஓட்டை விழுந்த கவரைக் காட்டினால் எல்லோருக்கும் பளிச்சென்று புரியும். கவரும் ஜிப்பும் போதும். அந்தப் பழைய நீலத் துணி வேண்டாம், பார்சல் கனம்தான் கூடும். குப்பையில் போட்டுவிடு.

சீக்கிரம் அனுப்பு. வேலை தலைக்குமேல் கிடக்கிறது, அதனால் இவ்வளவுதான்.

உன் மகள்