நண்டு வாங்க நானே போறேன்

கொரோனாவுக்கு மூடிய சாப்பாட்டுக் கடையை இன்று மறுபடி திறக்கிறார்கள். கணவன் நுஃமான் இன்னும் எழவில்லை. ஷமீமா காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுத உட்கார்ந்தாள். பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாளில் ஓட்டை விழுந்தது.

"நண்டு ஏலத்துக்கு நான் போறேன். நீங்க வராதீங்க. தரையில வட்டம் போட்டீங்க, மேசையத் தள்ளிப் போட்டீங்க, வர்றவங்களுக்குக் காய்ச்சல் பாக்க மிஷின் வாங்கினீங்க. கொரோனாவுல உங்க மூக்கு செத்துப்போனத மட்டும் மறைச்சிட்டீங்க. நேத்து நீங்க வாங்கியாந்த நண்டு தெரு வரைக்கும் நாறுது, நீங்க மோந்து பாத்துட்டு நல்ல நண்டுன்றீங்க. அதத் தின்னுட்டு எவனாவது ஆஸ்பத்திரில கெடந்தா இன்னா பதில் சொல்வீங்க? எல்லாத்தயும் கொட்டிட்டேன். கடைச் சாவி அரிசிப் பானை மேல கீது. இட்லி மூடி வெச்சிருக்கேன், துன்னுங்க."

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினாள்.

"கடை இப்ப வேணாம்னு நான் சண்ட போட்டதுலேந்து, நீங்க வாங்கிக் குடுத்த அத்தரப் பூசிக்கினுதான் தெனமும் பக்கத்துல வந்தேன். இன்னா வாசனன்னு ஒரு வார்த்த கேக்கல. உங்களுக்கு இன்னும் கோவம்னு நெனச்சு அழுதேன். எனக்காவது சொல்லியிருக்கலாம் இல்ல?"