எல்லாப் பக்கத்திலும் பட்டுப்புடவை

மஸ்கட்

வெனிலா அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

திண்டிவனத்திலிருந்து வந்த பெரியநாயகம் அண்ணன், நீங்கள் கையால் செய்த ஆல்பத்தைக் கொடுத்தார். முதல் பக்கம் அழகாகத்தான் இருந்தது. புரட்டப் புரட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் வெனிலாவின் பிறந்தநாள், முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை, கிறிஸ்துமஸ் குடில் என்று எல்லாப் படத்திலும், நம் கல்யாண போட்டோவில் பட்டுப்புடவையில் இருந்த என்னை வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். நேற்று போனில் அவள் கேட்கிறாள்: "அம்மா, நீ அங்க தெனமும் கல்யாணத்துக்கா போய்க்கினு இருக்க?"

ஐந்து வருஷமாக நான் அனுப்பிய படங்கள் எங்கே? கேட்டால், "எல்லாத்துலயும் யூனிபார்ம்ல நிக்கிற. சொந்தக்காரங்க பாத்தா என்னா நெனப்பாங்க?" என்கிறீர்கள். அந்த யூனிபார்மில்தான் ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கிறேன். மகளின் புதுநன்மைக் கவுன் அந்தச் சம்பளத்தில் வந்ததுதான். அது மட்டும் சொந்தக்காரர்களுக்கு இனித்ததா?

மல்லாட்டை உருண்டை கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே கிடைக்கும் வேர்க்கடலையில் ருசியே இல்லை.

ஆல்பத்தைத் திருப்பி அனுப்புகிறேன். மாப்பும் கையுமாக நான் நிற்கும் படம் உள்ளே இருக்கிறது. புதுநன்மைப் பக்கத்திலுள்ள பட்டுப்புடவைக்காரியைப் பிய்த்துவிட்டு இதை ஒட்டுங்கள். இது யாரென்று சொந்தக்காரர்கள் கேட்டால் நீங்கள் வாய் திறக்க வேண்டாம். வெனிலா சொல்லட்டும்.

டியூட்டி வண்டி வந்துவிட்டது.

ஆரோக்கியசெல்வி